குழவி நின்றது, கல் சுற்றியது

உங்கள் வீட்டு ஆட்டுக்கல் இப்போது எங்கே இருக்கிறது?

கேட்டவுடன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். மேடைமேல் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிரைண்டரை நான் கேட்கவில்லை. நிஜ ஆட்டுக்கல்லைக் கேட்கிறேன். நடுவில் குழியும், குழியில் குழவியும், இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனமுமாக நம் பாட்டிமார் காலத்தில் பின்கட்டில் இருந்ததே, அந்தக் கருங்கல்லை!

பட்டணத்தில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர்கள், "ஊரில் இருக்கிறது" என்பீர்கள். ஊரில் இருப்பவர்கள், "கொல்லையில் எங்கேயோ கிடக்கிறது" என்பீர்கள். மேட்டுப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கல்லின் குழியில் மழைத் தண்ணீர் தேங்கி, அதைக் காக்கை குடித்துக்கொண்டிருந்தது. டெங்கு பயம் வந்த பிறகு அதில் மண்ணைக் கொட்டி ஒரு மணி பிளான்ட்டை நட்டுவிட்டேன். குழவி, காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. எங்கள் அமுச்சி பார்த்தால் என்ன சொல்லியிருப்பாளோ, யோசிக்கவே தைரியம் வரவில்லை.

நிலைமை இப்படி இருக்க, சமீபத்தில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்காக, ஊட்டி சாலையில் கல்லாறு போகிற வழியில் ஒரு விடுதிக்குப் போயிருந்தேன். வாசலிலேயே ஓர் ஓலைக் கொட்டகை. அதில் வரிசையாக அம்மி, உரல், உலக்கை, திருகை, ஆட்டுக்கல். எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுப் பூ வைத்திருந்தார்கள். ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சுங்கடிச் சேலை உடுத்திய ஒரு பெண் உட்கார்ந்து, கையளவு உளுந்தை வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த விருந்தாளிகள் ஒருவர் பின் ஒருவராக அவள் இடத்தில் உட்கார்ந்து குழவியைப் பிடித்தார்கள். ஐந்து சுற்று, ஒரு போட்டோ. "அந்தக் காலத்துப் பெண்களுக்கு எவ்வளவு நல்ல தேகப் பயிற்சி, பார்!" என்றார் ஒரு கனவான். அவருடைய மனைவி ஆறாவது சுற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்: "ஏனம்மா, இத்தனை பேர் இட்லிக்கும் மாவு இதிலேயா ஆட்டுகிறீர்கள்?"

அவள் சிரித்தாள். "இது போட்டோவுக்குங்கம்மா. மாவு உள்ளே மிஷின்ல ஆடுதுங்க."

சாப்பாட்டு அறைக்குப் போனால், 'கல்லில் ஆட்டிய மாவில் வார்த்த இட்லி' என்று ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். பொய் என்று எப்படிச் சொல்வது? கிரைண்டருக்குள்ளேயும் கல்தானே இருக்கிறது!

அன்று முதல் இந்தக் கல் என் மனத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களிடம் சொல்லித்தான் அதை நிறுத்த வேண்டும்.

ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டாதவர்கள் கேளுங்கள். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை, ஏறிவருகிற மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே தாளத்தில் போக வேண்டும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். உளுந்துக்குத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும். அரிசியைக் கொஞ்சம் கரகரப்பாக நிறுத்த வேண்டும். ஒரு படி அரிசிக்கு இரண்டு மணி நேரம் குறையாது. முடிந்ததும் குழவியைத் தூக்கி நிமிர்த்தி, குழியில் ஒட்டியதை வழித்து, தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். கல் வழவழத்துப் போனால் தெருவில் உளியோடு வருகிறவரைக் கூப்பிட்டுக் கொத்தச் சொல்ல வேண்டும். கொத்தினவுடன் மாவு ஆட்டிவிட முடியாது. தவிட்டைப் போட்டு ஆட்டிக் கல்தூளைப் போக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் இட்லியில் பல் நறநறக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது ஆட்டி அல்ல, பார்த்து. எங்கள் வீட்டில் மாவாட்டுவதற்கென்று ஒருத்தி வருவாள்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும், எனக்கு எட்டு. நான் அவளைப் பேர் சொல்லி, 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை, "அம்மிணி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். யாரும் இதை எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பேச்சு வரும்போதே இதுவும் வந்துவிட்டது.

ஆட்டுக்கல் பின்கட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் சமையலறை நிலைப்படி. அவள் ஆட்டிய மாவு அந்த நிலைப்படியைத் தாண்டும். அவள் தாண்ட மாட்டாள். மாவை அம்மா வந்து எடுத்துப் போவாள். அதில் வெந்த இட்லியில் அவளுக்கு இரண்டு, இலையில் வைத்து, வெளியே வரும். ஊரில் எத்தனையோ வீடுகளில் அவளை ஊறின உளுந்தைத் தொடவே விட மாட்டார்கள். எங்கள் வீடு தாராளமான வீடு என்று பெயர்! இது என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி யந்திரத்தின் கதைக்கு வருவோம். அது நம் ஜில்லாவின் கதைதான்.

எங்கள் ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் நீலகிரி. அந்த மலையில் விழும் பைகாரா ஆற்றுத் தண்ணீரிலிருந்து 1932-ஆம் ஆண்டு மின்சாரம் எடுத்தார்கள். அது கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு இறங்கி வந்தது, பஞ்சாலைகள் பெருகின, கிணறுகளில் பம்புசெட் ஓடிற்று. இந்தியாவிலேயே முதல் மின்சார மோட்டாரை 1937-ல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேதான் செய்தார்கள் என்று கோவைக்காரர்கள் மார்தட்டிக் கொள்வார்கள். மில்லில் மோட்டார், வயலில் மோட்டார் என்று வந்துவிட்ட ஊரில் அது சமையலறைக்கு வர எத்தனை நாள் பிடித்தது, கவனியுங்கள். 1955-ல்தான் கோயம்புத்தூர் பி. சபாபதி மின்சார ஆட்டுக்கல்லைச் செய்தார் என்று சொல்கிறார்கள். நூல் நூற்கவும் நீர் இறைக்கவும் மோட்டார் வந்து சுமார் இருபது வருஷம் கழித்துத்தான் பெண்பிள்ளையின் தோள்பட்டை வலி யாருக்கோ ஞாபகம் வந்தது! அதுவாவது வந்ததே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அவர் செய்த சூட்சுமம் எளிமையானது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நிற்கும், கல் சுற்றும். அவ்வளவுதான்! கையைத் தோற்கடிக்க உலகத்தைத் தலைகீழாக்க வேண்டியிருக்கவில்லை. கல்லையும் குழவியையும் இடம் மாற்றிச் சுற்றவிட்டால் போதுமாயிருந்தது. மாவைத் தள்ளிவிடும் இடது கைக்குப் பதிலாக ஒரு பலகையை வைத்தார்கள்.

மிக்ஸி பிற்பாடு வீட்டுக்கு வீடு வந்ததே, அது ஏன் கிரைண்டரைத் துரத்தவில்லை என்று கேட்பீர்கள். மிக்ஸியின் தகடு அசுர வேகத்தில் சுற்றி மாவைச் சூடாக்கிவிடும், உளுந்து பொங்காது. கல்லுக்கு அவசரம் கிடையாது. நிதானமாக நசுக்கும், மாவும் குளிர்ச்சியாக இருக்கும். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல் இதற்கு உகந்தது என்று பெயர். 2005-06-ல் 'கோயமுத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்கே புவிசார் குறியீடு வழங்கினார்கள். காஞ்சிபுரம் பட்டுக்கும் டார்ஜிலிங் தேயிலைக்கும் கிடைத்த கௌரவம் நம் மாவு யந்திரத்துக்கும் கிடைத்தது.

எங்கள் வீட்டுக்கு அது வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது பள்ளி இறுதி வகுப்பு. நாலு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். பின்கட்டில் அல்ல, சமையலறைக்குள்ளேயே வைத்தார்கள்! சந்தனப் பொட்டு இட்டு, தேங்காய் உடைத்து, சுவிட்சைப் போட்டதும் 'கடகட'வென்று அது சுற்றியபோது அம்மாவின் முகத்தில் நான் கண்ட சந்தோஷத்தை அதற்கு முன் எந்த நகைக்கும் கண்டதில்லை. யந்திரத்தைப் பற்றி நான் என்ன சந்தேகம் எழுப்பினாலும், அந்த முகத்தை மறந்துவிட்டு எழுப்பக் கூடாது. தேகப் பயிற்சிக் கனவானுக்கு அந்த முகத்தைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் மாவாட்டுகிறவள் வழக்கம்போல வந்தாள். நிலைப்படிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் யந்திரத்தைப் பார்த்தாள். "நல்லா ஆடுதுங்க ஆத்தா" என்றாள். அம்மா அந்த மாதச் சம்பளத்தோடு கூட ஒரு பழைய சேலையும் கொடுத்து அனுப்பினாள். தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் அவள் ஆட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த மூன்று வீட்டிலும் கிரைண்டர் வந்துவிட்டது.

அவள் இருபது வருஷம் தாண்டாத நிலைப்படியை யந்திரம் ஒரே நாளில் தாண்டிவிட்டது. யந்திரத்துக்கு ஜாதி கிடையாது அல்லவா? பிற்காலத்தில் ஒருநாள் அம்மாவிடம், "அவள் அப்புறம் என்ன ஆனாள்?" என்று கேட்டேன். அம்மா யோசித்துப் பார்த்தாள். "தெரியலையே, கண்ணு" என்றாள்.

போகட்டும். மிச்சமான இரண்டு மணி நேரம் அம்மாவுக்காவது கிடைத்ததா?

இங்கேதான் எனக்குச் சந்தேகம் ஆரம்பிக்கிறது. கொங்கு நாட்டில் இட்லிக்கும் தோசைக்கும் 'பலகாரம்' என்று பெயர். ஏன்? அது தீபாவளிக்கும் நோம்பிக்கும் செய்கிற பண்டம். மற்ற நாளில் குடியானவர் வீட்டில் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி. வருஷத்தில் நாலைந்து நாள் இட்லி ஆட்டிய வீட்டில், அரிசியும் யந்திரமும் வந்த பிறகு வாரத்தில் நாலைந்து நாள் இட்லி. அதோடு விட்டதா? இட்லி மெத்தென்று இருக்க வேண்டும்; தோசை முறுகலாக வேண்டும்; ஒரு சட்னி போதாது. "சுவிட்சைத் தட்டினால் ஆடப்போகிறது, இதில் என்ன கஷ்டம்?" என்ற வசனமும் யந்திரத்தோடு கூடவே வந்து சேர்ந்தது. கையால் ஆட்டினபோது ஆட்டினவளுக்கு, 'பாவம், தோள் வலிக்கும்' என்று ஒரு வார்த்தையாவது உண்டு. சுவிட்சைத் தட்டுகிறவளுக்கு அதுவும் போயிற்று!

நான் ஏதோ மனக்குறையில் சொல்வதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திர ஆசிரியை 1983-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை' என்பது அதன் தலைப்பின் பொருள். இரும்பு அடுப்பு வந்தது. விறகு பிளக்கிற ஆண்பிள்ளைக்கு வேலை குறைந்தது. அடுப்படியில் நின்றவளுக்குக் குறையவில்லை. மில் மாவு வந்தது. தானியத்தைச் சுமந்து போய் அரைத்து வந்த அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வேலை மிச்சம். அம்மாவோ முன்னைவிட மெல்லிய வெள்ளை ரொட்டியும் கேக்கும் செய்ய வேண்டியதாயிற்று. துணி துவைக்கும் யந்திரம் வந்தது. வாரம் ஒரு முறை துவைத்த சட்டையைத் தினம் துவைத்தார்கள். வேலைக்காரியும் வண்ணாரும் விலகிப் போக, அவர்கள் வேலையும் யந்திரமும் சேர்ந்து ஒருத்தி தலையில் விழுந்தன. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் அது எங்கள் தெருக் கதை.

நம் தேசக் கணக்கும் இருக்கிறது. யார் யார் எந்த வேலைக்கு எத்தனை நேரம் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2019-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம் செய்கிறாள்; ஆண் 97 நிமிஷம். மறுபடி 2024-ல் எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 ஆகியிருந்தது. பத்து நிமிஷம் லாபம்! ஆனால் சந்தோஷப்படுவதற்குள் அடுத்த எண்ணைப் பாருங்கள்: ஆணுக்கு 88. அவரும் ஒன்பது நிமிஷத்தைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டுவிட்டார். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் கணக்குத்தான் இது. செய்யாதவர்கள் இதில் சேர்த்தியே இல்லை.

ஆண்கள் கிரைண்டரைத் தொடுவதே இல்லை என்று சொன்னால் பாவம் வரும். பெல்ட் அறுந்துவிட்டால் உடனே தொடுவார்கள். அப்போது அது யந்திரம். ஸ்குரூ டிரைவர் வரும், டார்ச் லைட் வரும், பக்கத்து வீட்டு அண்ணாவும் வந்து யோசனை சொல்வார். பெல்ட் மாட்டி ஓடத் தொடங்கியதும் அது மறுபடி சமையல் பாத்திரமாகிவிடும்.

இதற்கிடையில் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி இன்னொரு காரியம் நடந்தது. அரிசி வாங்கும் ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துப் பெண்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் விலையில்லாமல் கொடுக்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். சில வருஷங்களில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன.

எங்கள் தெருவில் அதைப்பற்றி நடந்த பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "இலவசமாகக் கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்" என்றார் ஒரு மாமி. முப்பது வருஷமாக வீட்டில் கிரைண்டர் வைத்திருப்பவர்! நம் வீட்டில் இருந்தால் சௌகரியம்; குடிசையில் இருந்தால் சோம்பேறித்தனம். "அவர்களுக்கு எதற்குங்க கிரைண்டர்? கையிலே ஆட்டினால் ருசியே தனி அல்லவா?" என்று இன்னொருவர் அங்கலாய்த்தார். அந்த ருசியின் பேரில் அவருக்கு இருந்த பிரியம், அவருடைய கொல்லையில் கவிழ்ந்து கிடந்த ஆட்டுக்கல்லுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தப் பேச்சில் நான் குறுக்கே பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஆனால் விதி அடித்த கூத்தைப் பாருங்கள். கிரைண்டர் வந்த சமயத்தில் கரண்ட் போயிற்று! 2012-ல் தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு. சென்னைக்கு நாளில் இரண்டு மணி நேரம்; கோவைச் சீமையில் பத்து மணி நேரத்துக்கும் மேலே போன நாட்கள் உண்டு. பவுண்டரிகளும் லேத்துப் பட்டறைகளும் மூடிக் கிடந்தன. கிரைண்டர் செய்கிற ஊரிலேயே கிரைண்டர் ஓடவில்லை. இலவசக் கிரைண்டர், விலைக்கு வாங்கின கிரைண்டர் இரண்டும் சமமாக நின்றன. நிஜமான சமத்துவத்தை அந்த வருஷம்தான் நான் கண்டேன்.

மேட்டுப்பாளையத்தை ஒட்டியிருக்கும் ஓடந்துறை ஊராட்சிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 2006-லேயே வங்கிக் கடன் வாங்கி, ஊராட்சிக்கென்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டார்கள். ஊர்த் தேவைபோக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று வருமானமும் பார்த்தார்கள். எங்கெங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் காற்றாலை விற்கிற மின்சாரம் எல்லாருக்கும் பொதுவான கம்பியில்தானே போகிறது? மின்வெட்டு என்றால் எல்லாருக்கும் வெட்டுத்தான்.

அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் ஆட்டுக்கல் உபயோகத்தில் இருந்தது. மாமியார் பிடிவாதக்காரர், தூக்கிப் போட விடவில்லை. "பழசை விடாத பட்டிக்காடு" என்று அந்த வீட்டை நாங்களெல்லாம் கேலி செய்திருந்தோம். மின்வெட்டில் அந்த அம்மாள் மகாராணியாகிவிட்டார். தூக்குப் போசியில் ஊறின உளுந்தை எடுத்துக்கொண்டு நாங்கள் வரிசையாகப் போனோம். கல்லைக் கொடுத்தார், கையைக் கொடுக்கவில்லை. "ஆட்டிக்கோங்க கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பாக்கு இடித்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டார். என் வாழ்நாளில் முதன்முதலாக அன்றுதான் ஒரு படி அரிசிக்கு முழுக்க ஆட்டினேன். ராத்திரி தோசைக்கரண்டியைத் தூக்க முடியவில்லை. எட்டு வயதில் நான் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் இதைப்போல ஒரு நாளைக்கு நாலு வீட்டில் ஆட்டினாள் என்பது, நாற்பது வருஷம் கழித்து, என் தோள்பட்டைக்குத்தான் முதலில் புரிந்தது.

2019-ல் கமலாத்தாள் பாட்டியைப் பற்றி நாடே பேசியது நினைவிருக்கும். கோவைக்கு மேற்கே வடிவேலம்பாளையத்தில், எண்பது வயதில், விறகடுப்பு மூட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றார். பல காலம் ஆட்டுக்கல்லில் தம் கையாலேயே மாவு ஆட்டினார். கூலி வேலைக்குப் போகிற ஜனங்கள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அவர் விலையை ஏற்றாததற்குச் சொன்ன காரணம். வீடியோ பரவிற்று. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா பாராட்டினார். பாட்டிக்குக் காஸ் இணைப்பு கிடைத்தது. 2022 அன்னையர் தினத்தன்று புது வீடும் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் ஆட்டுக்கல்லையும் விறகுப் புகையையும் கண்டு, 'ஆஹா, பாரம்பரியம்!' என்று உருகினார்கள். பாட்டி பாரம்பரியத்துக்காகப் புகை குடிக்கவில்லை. ஒரு ரூபாய் இட்லிக்குக் கட்டுப்படியாகிற அடுப்பு அதுதான்.

இந்த உருகலைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். கம்பும் ராகியும் ஏழை வீட்டுச் சோறாக இருந்தவரை அதைச் சாப்பிடுவதாகச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டோம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. நான் சொன்ன விடுதியில் கம்பு தோசை சாதாத் தோசையைப்போல் இரண்டு மடங்கு விலை. ஏழையின் வீட்டை விட்டுக் கிளம்பின பிறகுதான் ஒரு பொருளுக்குப் பாரம்பரியம் என்று பட்டம் கிடைக்கிறது. ஆட்டுக்கல்லுக்கும் அதே கதி. அதை ஆட்டினவளுக்கு மட்டும் பட்டம் கிடையாது. விடுதி வாசலில் சுங்கடிச் சேலையோடு உட்கார வைத்திருக்கிறார்கள்!

என் வீட்டுக் கிரைண்டர் இப்போது என்ன செய்கிறது என்கிறீர்களா? சொல்லத்தானே வேண்டும். மூன்று வருஷமாகத் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கு யார் ஆட்டி, யார் கழுவுவது? அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவுவதற்குள் எனக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாவு விற்கிறார்கள், அங்கே வாங்கிவிடுகிறேன்.

அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நாள் கூட்டமில்லாத நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன். அரசாங்கம் கொடுத்த சின்னக் கிரைண்டரில்தான் தொழிலை ஆரம்பித்தாராம். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கு ஆட்டிக் கொடுத்து, பிறகு மகளிர் குழுக் கடன் வாங்கி, சாய்த்து ஊற்றுகிற பெரிய கிரைண்டர் இரண்டு போட்டிருக்கிறார். காலை நாலு மணிக்கு எழுந்து அரிசி களைய வேண்டும். நாளைக்கு நாற்பது ஐம்பது கிலோ போகிறது. அந்தச் சோம்பேறித்தனப் பேச்சுப் பேசிய மாமி வீட்டுக்கும் இங்கிருந்துதான் மாவு போகிறது என்று தெரிந்துகொண்டேன், கேட்காமலேயே சொன்னார்.

"யந்திரம்தானே ஆட்டுகிறது, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"ஆட்டறது மிஷினுங்கம்மா. அரிசி களையறது, ஊற வைக்கறது, தள்ளி விடறது, வழிக்கறது, கழுவறது எல்லாம் நானுங்க" என்று சொல்லிவிட்டு, முன்கையைக் காட்டினார். நாளெல்லாம் ஈரத்தில் கிடந்து விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. "ஆனா யாரு வாசல்லயும் போய் நிக்கறதில்லீங்க. எல்லாரும் இங்க வர்றாங்க."

நான் அவருடைய பெயரைக் கேட்டேன். சொன்னார். அடுத்த தடவையிலிருந்து பெயரோடு 'ங்க' சேர்த்துக் கூப்பிடுகிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

"உங்க வீட்ல கிரைண்டர் இல்லீங்களா?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"இருக்கிறது."

"ஆட்டாங்கல்லு?"

"அதுவும் இருக்கிறது."

அவர் சிரிக்கவில்லை. என் பாத்திரத்தை வாங்கி, மாவை ஊற்றி, விளிம்பில் வழிந்ததைச் சுண்டுவிரலால் வழித்துவிட்டார். "நாளைக்கு மாதப் பராமரிப்புன்னு காலைல ஒன்பது மணிக்குக் கரண்ட் எடுத்துருவாங்களாமுங்க. சாயங்காலம்தான் வரும். இன்னிக்கே ரெண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கிக்குங்க" என்றார்.

இரண்டு கிலோவாக வாங்கிக்கொண்டேன்.